டர்பனில் ஒரு பொருளாதாரக் கொள்கை ஆய்வு மையம்: யார் நடத்துவார்கள், காசு எங்கிருந்து வரும்?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் பீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் பொருளியல் முதுகலை முடித்தவர். கூடப் படித்த நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு டர்பனில் லாப நோக்கில்லாத பொருளாதாரக் கொள்கை ஆய்வு மையம் ஒன்று தொடங்க ஆசை. ஊரில் 'திங்க் டேங்க்' என்கிறார்களே, அதுதான். மூன்று கேள்விகள். இந்த மாதிரி இடங்களை யார், எப்படி நடத்துகிறார்கள்? சம்பளத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? லாரி கம்பெனி வைத்திருக்கும் தாய்மாமா 5 லட்சம் ரேண்ட் தருகிறேன், ஆனால் மையத்தின் நிர்வாகக் குழுவான போர்டில் எனக்கு ஓர் இடம் வேண்டும் என்கிறாரே, வாங்கலாமா?

தம்பி, உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது மூன்றாவது கேள்வி என்று நினைக்கிறேன். ஆனால் முதல் இரண்டையும் தாண்டாமல் அங்கே போக முடியாது. நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை, கணக்குப் பார்ப்பவன். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து முப்பது வருஷம் ஆடிட் வேலை. அதில் ஒன்பது வருஷம் இப்படி ஒரு மையத்தின் பொருளாளராக போர்டில் உட்கார்ந்திருந்தேன். ஆய்வறிக்கைகளில் பாதி எனக்குப் புரிந்ததில்லை. ஆனால் அந்த மையம் ஏன் ஒருமுறை சாகப் பார்த்தது என்பது நன்றாகவே புரிந்தது.

பதிவு விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் 2008ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின்படி லாப நோக்கற்ற கம்பெனியாகப் பதிவு செய்கிறார்கள். குறைந்தது மூன்று இயக்குநர்கள், அதாவது போர்டு உறுப்பினர்கள், வேண்டும். மிச்சப் பணத்தை யாரும் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. சமூக மேம்பாட்டுத் துறையில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி இன்னொரு பதிவு உண்டு. நிதி கொடுப்பவர்கள் அந்த எண்ணைக் கேட்பார்கள், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வரித்துறையான சார்ஸிடம் வாங்கும் பொதுநல அமைப்பு அங்கீகாரம், வருமான வரிச் சட்டம் 30ஆம் பிரிவு. ஒருவருக்கொருவர் உறவோ தொழில் தொடர்போ இல்லாத மூன்று பேராவது பொறுப்பேற்க வேண்டும், எந்தத் தனி ஆளும் முடிவுகளைக் கையில் வைத்திருக்கக் கூடாது, அமைப்பின் காசில் எந்தக் கட்சிக்கும் ஆதரவோ எதிர்ப்போ காட்டக் கூடாது என்பவை அதில் முக்கியமான நிபந்தனைகள். ஒரு கொள்கையைக் கிழித்துத் தொங்கவிடலாம். கட்சிக்கு ஓட்டுப் போடாதே என்று எழுதக் கூடாது.

இந்த இடத்தில் எல்லோரும் தடுக்கி விழும் படி ஒன்று இருக்கிறது. நன்கொடை கொடுப்பவர் அதே சட்டத்தின் 18ஏ பிரிவு ரசீது இருந்தால் தன் வரிக்குரிய வருமானத்தில் 10% வரை கழித்துக்கொள்ளலாம். வருமான வரிச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையைப் பார்த்தால் முதல் பகுதியில் பொருளாதார ஆய்வு என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. அடடா, நமக்கு வழி பிறந்தது என்று தோன்றும். அது உங்கள் மையத்தின் வரிவிலக்குக்குத்தான் வழி. 18ஏ ரசீது கொடுக்க அட்டவணையின் இரண்டாம் பகுதியில் இடம்பெற்ற வேலையைச் செய்ய வேண்டும். அங்கே சமூகநலம், மருத்துவம், கல்வி, சுற்றுச்சூழல், நிலம்-வீடு என்றுதான் தலைப்புகள். ஆய்வு என்ற தலைப்பு கிடையாது. மாணவர்களுக்குப் பயிற்சி மாதிரி கல்விப் பணி ஏதாவது செய்து, அதற்கு ஒப்புதலும் வாங்கினால், அந்தப் பணத்துக்கு மட்டும் ரசீது போடலாம். ஆகவே, "மாமா, கொடுங்கள், வரியில் கழித்துக்கொள்ளலாம்" என்று இப்போதே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்து நிர்வாகம். காகிதத்தில் போர்டு மேலே, சம்பளத்துக்கு மையத்தை நடத்தும் இயக்குநர் நடுவே, ஆய்வாளர்கள் கீழே. உண்மையில் எல்லாம் இயக்குநரைச் சுற்றித்தான் ஓடும். போர்டு செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: இயக்குநரை நியமிப்பது, தேவைப்பட்டால் அனுப்புவது, பட்ஜெட்டில் கையெழுத்திடுவது, கணக்கைத் துருவிப் பார்ப்பது, வெளியிலிருந்து அழுத்தம் வரும்போது குறுக்கே நிற்பது. அறிக்கையின் முடிவில் கை வைப்பது போர்டின் வேலை இல்லை. இயக்குநர் பதவிக்கு நல்ல ஆய்வாளர் ஒருவரை உட்கார வைப்பார்கள். இரண்டு வருஷத்தில் அவர் ஆய்வு எழுதுவதை விட்டுவிட்டு நிதி விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பார். நான் பார்த்த இயக்குநர்கள் மூன்று பேருக்கும் இதுதான் நடந்தது. ஒருவர் நொந்துபோய்ப் பல்கலைக்கழகத்துக்கே திரும்பிவிட்டார்.

நாள்காட்டி இரண்டு தேதிகளைச் சுற்றி ஓடும்: பிப்ரவரியில் நிதியமைச்சரின் பட்ஜெட், அக்டோபர் வாக்கில் இடைக்கால பட்ஜெட் அறிக்கை. அந்த வாரங்களில் உங்களிடம் தயாராக எண்கள் இருந்தால் பத்திரிகைக்காரர் கூப்பிடுவார், நாடாளுமன்ற நிதிக்குழுவில் பேச நேரம் கிடைக்கும். மார்ச் மாதம் எவ்வளவு பிரமாதமான அறிக்கை போட்டாலும் தூங்கும். 2025 மாதிரி விதிவிலக்குகளும் உண்டு. வாட் எனும் மதிப்புக் கூட்டு வரியை உயர்த்தும் யோசனையால் பட்ஜெட்டே தள்ளிப்போய், ஏப்ரல் கடைசியில் அந்த உயர்வைக் கைவிட்டார்கள். அந்த இரண்டு மாதமும் பழைய வாட் ஆய்வுகளை வைத்திருந்தவர்களுக்குத்தான் வேலை.

வாட் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2018 ஏப்ரலில் 14லிருந்து 15 சதவீதமாக உயர்த்தியபோது, எந்தெந்தப் பொருளுக்கு வரி வேண்டாம் என்று பார்க்கப் பேராசிரியர் இங்க்ரிட் வூலார்ட் தலைமையில் ஒரு நிபுணர் குழு போட்டார்கள். குடும்பச் செலவுக் கணக்கெடுப்புகளைத் தோண்டி, ஏழை வீடு எதை வாங்குகிறது, பணக்கார வீடு எதை வாங்குகிறது என்று அவர்கள் பார்த்தார்கள். அதன் பிறகு 2019 ஏப்ரல் முதல் ரொட்டி மாவுக்கும் கேக் மாவுக்கும் சானிட்டரி பேடுக்கும் வாட் இல்லாமல் போனது. நம் வீட்டுப் பூரி கொஞ்சம் மலிவானதற்குப் பின்னால் ஒரு ஆய்வு இருக்கிறது என்றால் என் மனைவி சிரிக்கிறாள்.

சரி, பணம்.

இந்த நாட்டு மையங்களை அவற்றின் பணத்தை வைத்தே குணம் பிரிக்கலாம். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் 1944ல் தொடங்கிய பொருளாதார ஆய்வு அலுவலகம் வணிக நிறுவனங்களிடம் சந்தா வாங்குகிறது. அது வெளியிடும் வணிக நம்பிக்கைக் குறியீடுகளின் தலையில் வங்கிகளின் பெயரே ஒட்டியிருக்கும். ப்ரெந்தர்ஸ்ட் அறக்கட்டளையை ஆரம்பித்தது ஓப்பன்ஹைமர் குடும்பம். நலேடி மையத்தைத் தொழிற்சங்கக் கூட்டமைப்பான கொசாட்டு 1993ல் தனக்காக உருவாக்கிக்கொண்டது. பிரிட்டோரியாவின் டிப்ஸ் மையம், தொழில்-வணிகக் கொள்கையில் அரசுத் துறைகளுக்கு ஆய்வு செய்து கொடுக்கிறது. இவை போக ஜெர்மன் கட்சிகளோடு சேர்ந்த அறக்கட்டளைகள் இங்கே பல ஆண்டுகளாக அலுவலகம் வைத்திருக்கின்றன. அவை கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு ஜெர்மன் அரசின் பட்ஜெட்டிலிருந்து வருவது. ஃபோர்ட் அறக்கட்டளை மாதிரி அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகளும் உண்டு. உள்ளூர்க் கம்பெனிகளின் சமூகப் பொறுப்புப் பணமும் இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் பள்ளிக்கூடம், பயிற்சி என்று போய்விடும். கறுப்பின மக்களின் பொருளாதார முன்னேற்றத்துக்கு உதவும் கம்பெனிகளுக்குத் தரும் பிளாக் எம்பவர்மென்ட் மதிப்பெண் அங்கே சுலபமாகக் கிடைக்கிறது. குழந்தைகள் புத்தகப்பையோடு நிற்கும் படத்தை ஆண்டறிக்கையில் போடலாம். வரிக்கொள்கை அறிக்கையைப் படம் எடுத்து என்ன செய்வது?

யார் கொடுக்கிறார் என்பதைவிட எந்த வடிவத்தில் கொடுக்கிறார் என்பதுதான் மையத்தின் உயிரைத் தீர்மானிக்கிறது. இதைத்தான் நான் ஒன்பது வருஷம் கத்திக்கொண்டிருந்தேன்.

நம் கோயில் கமிட்டிகளில் இருந்தவர்களுக்கு இது புதிதே இல்லை. காவடிக்கு அன்னதானம் என்றால் அரிசி மூட்டை தானாக வந்து இறங்கும். கோபுரத்துக்கு வர்ணம் அடிக்க வேண்டும் என்றால் பெயர்ப்பலகையோடு ஆள் வருவார். மாநகராட்சி லைட் பில் கட்ட வேண்டும், கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். கொள்கை ஆய்வு உலகமும் அப்படித்தான். ஒரு குறிப்பிட்ட ஆய்வுக்கென்று வருவது திட்டப் பணம். மையம் தன் இஷ்டப்படி செலவழிக்கலாம் என்று வருவது பொதுப் பணம். முதல் வகை கிடைக்கும். இரண்டாவது வகை கிடைத்தால் கற்பூரம் ஏற்றுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. டவுன்ஷிப் குடியிருப்புகளில் இருக்கும் ஸ்பாசா எனும் சின்ன மளிகைக் கடைகள் பற்றிய ஆய்வுக்கு 10 லட்சம் ரேண்ட் நேரடிச் செலவு: ஆய்வாளர் சம்பளம், கள வேலை, பயணம், அச்சு. அலுவலக வாடகை, கணக்காளர், ஆடிட், இணையம், லோட் ஷெட்டிங் என்கிற மின்வெட்டுக்கு வாங்கிப்போட்ட இன்வர்ட்டர், இயக்குநரின் நேரம் எல்லாம் சேர்த்து அந்த ஆய்வின் பங்கு நிஜத்தில் 2 லட்சத்து 20 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளிநாட்டு உதவி மானியம் என்றால் இந்த மாதிரி மறைமுகச் செலவுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடைக்காது. அமெரிக்க அரசுப் பணத்தில் பேரம் பேசாமல் கிடைக்கிற விகிதம் நெடுநாள் 10 ஆக இருந்து 2024 அக்டோபரில்தான் 15 ஆனது. 7 என்றே வைத்தால் 70 ஆயிரம். துண்டு 1 லட்சத்து 50 ஆயிரம். இப்படி நான்கு ஆய்வு கிடைத்தால் 6 லட்சம் துண்டு. வாடகை எத்தனை ஆய்வுக்கும் ஒன்றுதானே, ஆய்வு கூடினால் பங்கு குறையாதா என்று நீங்கள் கேட்பீர்கள். வாடகை குறையும். ஆனால் ஒவ்வொரு நிதியாளருக்கும் ஒரு அறிக்கைப் படிவம், ஒரு தனி ஆடிட், சிலருக்குத் தனி வங்கிக்கணக்கு. கணக்காளர் இரண்டு பேராகிவிடுவார். வெளியிலிருந்து பார்த்தால் மையம் செழிக்கிற மாதிரி இருக்கும், உள்ளே ஒவ்வொரு வெற்றியும் கொஞ்சம் ரத்தம் குடிக்கும்.

சேமித்து வைத்துக்கொள்ளலாமே என்றால் அதுவும் முடியாது. திட்டப் பணத்தில் மிச்சமானதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஒப்பந்தத்திலேயே இருக்கும். கையிருப்பு என்று ஒன்று வளர வேண்டுமானால் அது பொதுப் பணத்திலிருந்து வர வேண்டும், அல்லது ஆலோசனை வேலை செய்து சம்பாதிக்க வேண்டும். ஆலோசனை வேலைக்கும் வரம்பு உண்டு. பொதுநல அமைப்பின் வணிக வருமானத்தில் மொத்த வரவின் 5% அல்லது 2 லட்சம் ரேண்ட், இதில் எது அதிகமோ அதுவரைதான் வரியில்லை. வரியைவிடப் பெரிய தொல்லை, ஆலோசனை வேலையில் கேள்வியை வாடிக்கையாளர்தான் கேட்பார். நீங்கள் கேட்க நினைத்த கேள்வி அலமாரியில் கிடக்கும்.

எங்கள் மையத்தில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். மொத்த வரவில் பாதிக்கு மேல் ஒரே வெளிநாட்டு அறக்கட்டளையிடமிருந்து வந்துகொண்டிருந்தது. நல்லவர்கள், மரியாதையானவர்கள். ஒரு நாள் இரண்டு பக்கக் கடிதம்: எங்கள் உலகளாவிய முன்னுரிமைகள் மாறிவிட்டன, நடப்பு மானியம் முடிந்ததும் புதுப்பிக்க இயலாது. ஏழு மாதம் அவகாசம். இயக்குநர் விமானத்திலேயே குடியிருந்தார். ஆய்வாளர்களுக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்க முடியவில்லை. எங்களிடம் இருந்த ஒரே நல்ல புள்ளியியல்காரப் பெண் வங்கிக்குப் போய்விட்டாள், யார் குற்றம் சொல்ல முடியும்? மாதம் 7ஆம் தேதி சார்ஸுக்குக் கட்ட வேண்டிய ஊழியர் வரியை எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது என்று நான் இரவு பதினொரு மணிக்குப் பேங்க் ஆப்பைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். திட்டக் கணக்கில் பணம் இருந்தது. தொட்டால் குற்றம். தொடவில்லை. அலுவலகத்தில் பாதியை வாடகைக்கு விட்டுத்தான் தப்பித்தோம். அதற்குப் பிறகு போர்டில் இரண்டு தீர்மானம் போட்டோம்: எந்த ஒருவரிடமிருந்தும் வரவில் 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவதில்லை, ஆறு மாதச் சம்பளம் கையிருப்பு. இரண்டாவதை எட்ட ஐந்து வருஷம் ஆனது.

பெரிய இடங்களும் தப்பவில்லை. ஜனநாயகத்துக்காக வேலை செய்த இடாசா மையத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஃபிரெடெரிக் வான் ஸில் ஸ்லாபர்ட்டும் அலெக்ஸ் போரைனும் நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறித் தொடங்கியது. 1987ல் வெள்ளைக்கார ஆப்பிரிக்கானர்களை செனகலின் டக்காருக்குக் கூட்டிப்போய், விடுதலை இயக்கமான ஏஎன்சியோடு (ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ்) உட்கார வைத்துப் பேசச் செய்தவர்கள். பின்னாளில் பட்ஜெட் கண்காணிப்பு ஆய்வில் பெயர் எடுத்தார்கள். அப்பேர்ப்பட்ட இடத்தை 2013ல் பணமில்லாமல் மூடினார்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நின்றபோது எத்தனை அமைப்புகள் ஒரே வாரத்தில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின என்பதை நீங்களே பார்த்தீர்கள். டாலரில் வாங்கி ரேண்டில் சம்பளம் கொடுப்பதும் ஒரு சூதாட்டம்தான். 2015 டிசம்பரில் நிதியமைச்சர் நேனேயைத் தூக்கியதும் ரேண்ட் விழுந்தது, எங்கள் மானியத்தின் ரேண்ட் மதிப்பு ஏறியது. நாடு அழும்போது எங்கள் கணக்கு சிரித்தது என்று அப்போது வெட்கத்தோடு ஒரு குறிப்பு எழுதி வைத்தேன்.

பணம் இருந்தும் கதை முடிந்ததற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1991ல் ஏஎன்சி தனக்கென்று பேரியல் பொருளாதார ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தது, மெர்க் என்பார்கள். கனடாவின் ஆய்வு நிதி உட்பட வெளிநாட்டு ஆதரவு இருந்தது. உள்நாட்டு, வெளிநாட்டுப் பொருளியலாளர்கள் சேர்ந்து உழைத்தார்கள். டர்பனில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்து 2021ல் காலமான நம் விஷ்ணு படையாச்சியும் அதில் இருந்தார். 1993 கடைசியில் தடிமனான அறிக்கை வந்தது. அதற்குள் கட்சித் தலைமையின் மனம் வேறு பக்கம் போய்விட்டது, அறிக்கை ஓரமாக வைக்கப்பட்டது, 1996ல் வந்த அரசின் கியர் பொருளாதாரக் கொள்கை வேறு திசை. ஒரே ஒரு வாசகருக்காக எழுதினால், அவர் கண்ணாடியைக் கழற்றியதும் எழுதியது செத்துவிடும்.

சுதந்திரம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். நிதி கொடுத்தவர் போன் போட்டு, முடிவை மாற்றி எழுது என்று சொல்வார் என்று பயப்படுகிறீர்கள். ஒன்பது வருஷத்தில் அப்படி ஒரு போன்கூட வரவில்லை. வேறு மாதிரிதான் நடக்கும். 2018 ஏப்ரலில் சர்க்கரைப் பானங்களுக்கு வரி வந்தது. இது நம் ஊர்ப் பிரச்சினை. 1860ல் ட்ரூரோ கப்பலில் இந்தியாவிலிருந்து நம் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது கரும்புக்காகத்தானே. அந்த வரியால் கரும்பு வயலிலும் ஆலையிலும் எத்தனை வேலை போகும் என்று கேட்டு நேர்மையாக ஓர் ஆய்வு செய்யலாம். எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் வராமல் தடுக்கும் என்று கேட்டு அதே நேர்மையோடு இன்னொரு ஆய்வு செய்யலாம். சர்க்கரை நோய் இல்லாத வீடு சாட்ஸ்வொர்த்தில் எது? முதல் கேள்விக்கு ஆலைக்காரர் பணம் தருவார், இரண்டாவதற்குச் சுகாதார அறக்கட்டளை தரும். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்பதிலேயே பாதி முடிந்துவிடுகிறது. பொதுப் பணம் ஏன் வேண்டும் என்று நான் கத்துவதற்குக் காரணம் இதுவும்தான். இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கும் ஆய்வுக்குப் பணம் தர ஆள் இல்லை.

கட்சிகள் பெரிய நன்கொடையாளர்களின் பெயரை வெளியிட வேண்டும் என்று 2021 ஏப்ரல் முதல் சட்டம் இருக்கிறது. கொள்கை ஆய்வு மையங்களுக்கு அது பொருந்தாது. அதனால் பலரும் ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'எங்கள் நண்பர்களுக்கு நன்றி' என்று முடித்துக்கொள்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். யார், எவ்வளவு, எதற்காக என்று மூன்றையும் எழுதுங்கள்.

இனி மாமா. 5 லட்சம் பெரிய மனசுதான், ஆனால் அனுபவமுள்ள ஓர் ஆய்வாளரின் ஓராண்டுச் செலவுக்கே அது பத்தாது. அதை வைத்து ஆபீஸ் பிடித்து, பெயர்ப்பலகை மாட்டி, நாற்காலி வாங்கினால் எட்டு மாதத்தில் தீர்ந்துவிடும். என் யோசனை, இப்போதைக்குப் பதிவே செய்யாதீர்கள். பல்கலைக்கழகத்தில் ஒரு துறையோ, ஏற்கெனவே இருக்கும் ஒரு மையமோ தன் கணக்கில் உங்கள் பணத்தை வைத்து நடத்தித் தருமா என்று கேளுங்கள். நிர்வாகக் கட்டணம் எடுத்துக்கொள்வார்கள், பரவாயில்லை. ஒன்றரை வருஷம் ஒரே ஒரு வேலையைச் செய்து காட்டுங்கள். பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் பொருளாதார நீதிக்கான ஒரு சின்னக் குழு இருக்கிறது. எளிய வீட்டுப் பெண்கள் சூப்பர் மார்க்கெட்டுக்கும் இறைச்சிக்கடைக்கும் போய் 44 உணவுப்பொருள்களின் விலையைக் குறித்துவருகிறார்கள், குழு அதை மாதாமாதம் வெளியிடுகிறது. நாடு முழுக்கப் பத்திரிகைகள் அந்த எண்ணை எடுத்துப் போடுகின்றன. கோபுரமே இல்லாமல் கூட்டம் சேர்ந்த கோயில் அது.

மாமாவுக்குப் போர்டில் இடம் கொடுப்பது சட்டப்படி முடியும், உறவில்லாத மூன்று பேர் வேறு இருந்தால். ஆனாலும் கொடுக்காதீர்கள். டர்பனில் உட்கார்ந்துகொண்டு பொருளாதாரம் எழுதினால் துறைமுகத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. 2023 கடைசியில் கப்பல்கள் வெளியே வரிசையில் நின்றபோது மாமாவின் லாரிகள் துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் ரோட்டில் நின்றிருக்கும். துறைமுக நிர்வாகத்தைப் பற்றி நீங்கள் எது எழுதினாலும், சரியாகவே எழுதினாலும், மாமாவின் பையிலிருந்து வந்தது என்பார்கள். பணத்தை மூன்று தவணையாக, எந்த ஆய்வுக்கும் கட்டாமல், ஒரு பக்கக் கடிதத்தோடு வாங்குங்கள். அதில் அவருடைய பெயரும் தொகையும் ஒவ்வொரு அறிக்கையிலும் அச்சாகும் என்று இருக்கட்டும். பதிலுக்கு அவருக்கு ஒன்றும் கிடையாது என்பதும் இருக்கட்டும். ஏதாவது கிடைத்தால் சார்ஸ் அதை நன்கொடை என்றே ஒப்புக்கொள்ளாது. பெயரைப் போட வேண்டாம், ஆனால் கொடுக்கிறேன் என்று அவர் சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

துறைமுகத்தைப் பற்றி எழுத ரொம்ப ஆசையாக இருந்தால், மாமா பணம் தீர்ந்து ஒரு வருஷம் கழித்து எழுதுங்கள்.